எம்மை ரூம்

செப்டம்பர் 3, ஞாயிறு

இந்த டைரி எங்கள் கம்பெனியில் புத்தாண்டுக்குக் கொடுத்தது. எட்டு மாதமாக அரிசி டப்பாவுக்கு மூடியாக இருந்தது. ரயிலுக்குக் கிளம்புகிற அன்று யோகேஷ் அதை எடுத்துத் தூசி தட்டி என் கையில் கொடுத்தான்.

"அம்மா, அங்க வாரத்துக்கு ஒரு தபாதான் போன் குடுப்பாங்களாம். பத்தே நிமிசம். நீ வாய தொறந்தா ஆரம்பிக்கவே பத்து நிமிசம் ஆவும். சொல்ல வேண்டியத தேதி போட்டு எழுதி வெச்சிக்க. போன்ல அத பாத்து சொல்லு."

பெற்றவளுக்கே வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் பிள்ளை.

நான் படித்தது நாலாம் வகுப்பு. அஞ்சாம் வகுப்பு டீச்சருக்கு என்னைப் பார்க்கிற பாக்கியம் இல்லாமல் போய்விட்டது. ஆனாலும் கம்பெனி பஸ்ஸில் வாரப் பத்திரிகைத் தொடர்கதையைச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறவள் நான்தான். அதனால் எழுத வரும். பிழை வந்தால் அதுவும் பிழைத்துப் போகட்டும்.

நாங்கள் ஆம்பூர். என் பெயர் பேபி. நாற்பத்தாறு வயதில் பேபி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறவள். ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிறேன். என் வீட்டுக்காரர் முனிரத்தினம் தோல் பதனிடுகிற இடத்தில் வேலை. அவர் வாய்க்குப் பூட்டு போட்டிருக்கிறார், சாவி பேபியிடம் இருக்கிறது என்று தெருவில் சொல்வார்கள். என்னிடமும் இல்லை.

யோகேஷ் ஒரே பிள்ளை. இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தான். மற்றப் பிள்ளைகள் காலேஜ் வரிசையில் நின்றபோது இவன் மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். ராணுவத்துக்கு ஆளெடுத்த அன்று ஆயிரத்து அறுநூறு மீட்டரை அஞ்சேகால் நிமிஷத்தில் ஓடினான். இப்போது வடக்கே பயிற்சி. முடிந்தால் சிப்பாய்.

ஓடிவிட்டு வந்தால் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். நான் எண்ணெய் தேய்த்துவிடுவேன். ஓடுகிற காலுக்கு வலிக்காமல் குந்தியிருக்கிற காலுக்கா வலிக்கும்? பையில் எண்ணெய் பாட்டிலை வைத்தேன். எடுத்து வெளியே வைத்துவிட்டான். "பாத்தா எதுக்குன்னு கேப்பாங்க" என்றான். கெட்டிக்காரன்.

முதல் போனில் சொல்ல வேண்டியது: மாடி வீட்டு நாய் ஆறு குட்டி போட்டது. அவன் அறைக்கு அப்பா சுண்ணாம்பு அடித்தார், பாதிச் சுவரும் அவர் தலையும் வெள்ளை.

செப்டம்பர் 6, புதன்

ஒரு குட்டியை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். அஞ்சு என்று மாற்றிச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 10, ஞாயிறு

போன் வந்தது. பதினோரு மணிக்கு.

"அம்மா."

"யாருங்க அது?"

"அம்மா, நான்தான்மா."

"நான்தான்னா? மில்ட்ரில பேரு சொல்ல கத்துக் குடுக்கலியா?"

சிரித்தான். சிரிப்பு போனில் வந்தபோது வேறு யாரோ சிரித்த மாதிரி இருந்தது. மொட்டை அடித்துவிட்டார்களாம். சிரிப்புக்கும் சேர்த்து அடித்திருப்பார்கள். டைரியை விரித்து வரிசையாகப் படித்தேன். நாய்க்குட்டி, சுண்ணாம்பு, எதிர்வீட்டுக் கல்யாணத்தில் பாயசம் தீர்ந்துபோய்ச் சம்பந்தி கோபித்துக்கொண்டது. எட்டு நிமிஷம் போயிருக்கும்.

"அம்மா, காலு..." என்றான்.

"இன்னாடா காலு, அரைன்னு? எதுவா இருந்தாலும் முழுசா கேளு!"

அந்தப் பக்கம் யாரோ இந்தியில் கத்தினார்கள். "ஒண்ணுமில்லம்மா. அப்பாகிட்ட குடு" என்றான். இவர் போனை வாங்கி, தொண்டையைச் செருமி, "சாப்ட்டியா?" என்றார். பதில் வருவதற்குள் கட்டாகிவிட்டது.

காலு, அரை. எங்கிருந்துதான் எனக்கு வாயில் வந்து விழுகிறதோ. நாளைக்கு பஸ்ஸில் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 12, செவ்வாய்

பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்து மிஷினில் தைக்கிற ஷம்ஷாத் மட்டும் சிரித்துவிட்டுக் கேட்டாள்: "அவன் இன்னா சொல்ல வந்தான்க்கா?"

"அவனே ஒண்ணுமில்லன்னு சொல்ட்டான்."

"அது நீ சிரிக்க வெச்சதுக்கு அப்புறம்."

இவளுக்கு நகைச்சுவை வராது. நல்ல பெண்.

செப்டம்பர் 17, ஞாயிறு

போன் வரவில்லை. பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை போனையே பார்த்துக்கொண்டிருந்ததில் குழம்பு அடிப்பிடித்தது. இவர் சாப்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. திட்டவாவது செய்திருக்கலாம்.

செப்டம்பர் 20, புதன்

இன்று வந்த தோல் எல்லாம் தழும்பு. மாடு உயிரோடு இருந்தபோது முள்வேலியில் கிழித்துக்கொண்டது, உண்ணி கடித்தது, எல்லாம் தோலில் எழுதியிருக்கும். அதை மடிப்புக்குள்ளே போகிற மாதிரி திருப்பித் தைத்துவிட்டால் சரிபார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. இந்த வேலையில் எங்கள் வரிசையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. சரிபார்க்கிற பையன் விளக்கடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான், முத்திரை குத்திவிடுவான். கொஞ்ச நாள் போட்ட பிறகு மடிப்பில் வெடிக்கும்தான். அது போட்டவன் காலுக்குத்தான் தெரியும். அவன் வெளிநாட்டில் இருக்கிறான். ஆம்பூருக்கு வந்து பேபி யார் என்று கேட்கவா போகிறான்?

செப்டம்பர் 24, ஞாயிறு

போன் வந்தது. போன வாரம் யாரோ ஒருவன் படுக்கையை ஒழுங்காக மடிக்கவில்லையாம். அதற்காக மொத்தப் பேருக்கும் போன் கிடையாது என்று உஸ்தாத் சொல்லிவிட்டாராம்.

"ஓட வைக்கறவரு பேரு இன்னா?"

"உஸ்தாத்மா."

"துப்பாக்கி கத்துக் குடுக்கறவரு?"

"அவரும் உஸ்தாத்தான்."

"இன்னாடா, எல்லாருக்கும் ஒரே பேரா? எல்லாரையும் பெத்தவ ஒருத்தியா?"

பிறகு ஷம்ஷாத் சொல்லித்தான் தெரிந்தது, உஸ்தாத் என்றால் வாத்தியார் என்று.

யோகேஷுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கத்திக் கத்தி அப்படியாம். ஏதாவது சொல்லுடா என்றேன். "நீயே பேசிக்கினு இரும்மா. நான் கேக்கறேன்" என்றான். என் பேச்சுக்கு அவ்வளவு மவுசு. பேசினேன். நடுவில் ஒருமுறை, இருக்கிறானா என்று கேட்க வேண்டியிருந்தது. "கீறேன்" என்றான்.

செப்டம்பர் 29, வெள்ளி

ஆயுத பூஜை. மிஷினுக்குப் பொட்டு வைத்தோம். பொரி கொடுத்தார்கள். அவனுக்குப் பொரி பிடிக்காது என்று எழுத ஆரம்பித்தேன். அவனுக்கே தெரியுமே, எதற்குச் சொல்வது?

அக்டோபர் 1, ஞாயிறு

பெரிய செய்தி!

"எங்கடா கீற, சத்தமே இல்ல?"

"எம்மை ரூம்ல கீறேன்மா."

"அது இன்னாடா?"

"ரூமும்மா. ஆறு பேரு. கட்டில் கீது, ஃபேன் கீது."

"மத்த பசங்க?"

"அவங்கல்லாம் பழைய எடத்துலதான். எழுபது பேரு."

"காலைல ஓட்டம்?"

"ஓட வேணாம்னு சொல்ட்டாங்க. பாலும் முட்டையும் குடுக்கறாங்க." குரலைத் தாழ்த்தினான். "அம்மா, அது வந்து..."

"வந்து, போயின்னு இழுக்காத. எனக்குத் தெரியாதா? உன் கையெழுத்த பாத்திருப்பாங்க. ஆபீஸ் வேலைக்கு எடுத்து வெச்சிக்கினாங்க. அதானே?"

"ஆங்" என்றான்.

ஒரு மாதத்தில் எழுபது பேரில் ஆறு பேருக்கு ரூம், அதில் என் பிள்ளை ஒருவன். பேரும் நல்ல பேர். எம்மைக் காப்பாய் என்று சாமியிடம் கேட்போமே, அந்த எம்மை. மில்ட்ரியிலும் தமிழ் இருக்கிறது.

இவரிடம் சொன்னேன். "ஓட வேணாம்னா?" என்றார். ஒரு வருஷத்துக்கு உண்டான கேள்வியை ஒரே நாளில் கேட்டுவிட்டார்.

அக்டோபர் 3, செவ்வாய்

பஸ்ஸில் ஐம்பத்திரண்டு பேருக்கும் மக்கன் பேடா கொடுத்தேன். டிரைவருக்கு இரண்டு. "எம்மை ரூம்னா சும்மாவா" என்று அவர் ஹாரன் அடித்தார்.

அக்டோபர் 8, ஞாயிறு

இன்னும் எம்மை ரூமில்தான் இருக்கிறான். நடக்கவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்களாம். சாப்பாடு கட்டிலுக்கே வருகிறதாம். மாப்பிள்ளை முறுக்கோடு இரு என்றேன்.

"அம்மா, நீ யார்கிட்டயாச்சும் சொன்னியா இத?"

"ஊருக்கே சொன்னேன்."

"ஏம்மா..." என்றான். பிறகு, "சரி வுடு" என்றான்.

அக்டோபர் 11, புதன்

பால் வாங்கப் போன இடத்தில் தேவநேசன் அண்ணன் இருந்தார். எங்கள் தெருதான். பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவர்.

"இன்னாம்மா பேபி, புள்ள எப்படி கீறான்?"

"அவனுக்கு இன்னாண்ணா, எம்மை ரூம் குடுத்துட்டாங்க. கட்டில், ஃபேன், பாலு, முட்டை. உங்களுக்கெல்லாம் பதினேழு வருசத்துல குடுத்தாங்களா?"

அவர் பால் தூக்கைக் கீழே வைத்தார்.

"எம்.ஐ. ரூமா?"

"அதான், எம்மை ரூம்."

"எத்தன நாளா கீறான்?"

"பத்து நாளைக்கு மேல."

"பேபி, அது ரூம் இல்லம்மா. எம்முன்னு ஒரு எழுத்து, ஐன்னு ஒரு எழுத்து. உடம்பு சரியில்லாதவங்கள படுக்க வைக்கற எடம். எங்க ஆஸ்பத்திரி அது."

நான் சிரித்தேன். ஊரைக் கிண்டல் செய்கிறவளை ஒருவர் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"காய்ச்சல்னா ரெண்டு நாள்ல அனுப்பிடுவான். பத்து நாள் படுக்க வெச்சி, நடக்க வேணாம்னும் சொன்னா, கால்ல ஏதோ. எலும்பா இருக்கும். இந்த ஓட்டத்துல சில பசங்களுக்கு முழங்காலுக்குக் கீழ எலும்புல கீறல் வுடும். அவனுக்கு முன்னாடியே கால்ல ஏதாச்சும் இருந்துச்சா?"

"இல்லண்ணா" என்றேன்.

பாலை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்டோபர் 12, வியாழன்

வேலைக்குப் போனேன். நான்கு ஜோடி தப்பாகத் தைத்துப் பிரித்தேன்.

பஸ்ஸில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, வழக்கம் போலப் பேசினேன். எம்மை ரூம் எப்படி இருக்கிறது என்று டிரைவர் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றார்.

"நீதானடி சொன்ன" என்றார்.

"இன்னா சொன்னேன்?"

"சொல்லாதன்னு."

அவ்வளவுதான் சொன்னார். குளிக்கப் போய்விட்டார்.

எழுதிவிடுகிறேன். ஆளெடுப்பில் டாக்டர் பார்க்கிற நாளில் நான் கூடப் போயிருந்தேன். வெளியே கேட்டருகில் நின்றோம். அவன் கையில் எழுதிக் கொடுக்க வேண்டிய ஒரு ஃபாரம். இதற்கு முன்னால் எலும்பில் அடி, வலி, வைத்தியம் ஏதாவது உண்டா என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. இவன் பேனாவைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, காலு வலி எழுதணுமா?" என்று கேட்டான். நான் சொன்னேன்: "எழுதினா அப்படியே திருப்பி அனுப்பிடுவாங்க. வலியோடவே எல்லாரையும் தாண்டி ஓடினவனுக்கு, வலி இல்லன்னு எழுத கை வராதா? டாக்டர் அமுக்கிப் பாத்தா சிரி. உங்கம்மா ஜோக்க நெனச்சிக்கினு சிரி."

சிரித்தபடி உள்ளே போனான். சிரித்தபடி வெளியே வந்தான். நான் கை தட்டினேன்.

பதினோராம் வகுப்பிலிருந்தே அந்த வலி அவனுக்கு உண்டு. எண்ணெய் தேய்த்தது இந்தக் கைதான்.

அக்டோபர் 15, ஞாயிறு

போன் வந்ததும் நான் எதுவும் படிக்கவில்லை.

"எம்.ஐ. ரூம்னா இன்னான்னு தேவநேசன் மாமா சொன்னாரு" என்றேன்.

"ஓ" என்றான். "நல்லதாப் போச்சு. எனக்கு எப்படி சொல்றதுன்னு தெரியல" என்றான்.

பிறகு வேகமாகச் சொன்னான். பத்து நிமிஷத்தில் பாதி போயிருந்தது. படம் எடுத்துப் பார்த்தார்களாம். வலது காலில் எலும்பில் இரண்டு கீறல். ஒன்று புதிது. இன்னொன்று பழையது மாதிரி இருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். இங்கே வருவதற்கு முன்னால் வலி இருந்ததா என்று கேட்டாராம்.

"நீ இன்னா சொன்ன?"

"இந்தி சரியா புரியலன்னு சொல்லி தப்பிச்சிட்டேன். வியாழக்கிழம பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறாங்க. அங்க தமிழ் தெரிஞ்ச டாக்டர் கீறாராம். அவரு கேப்பாரு." நிறுத்தினான். "இன்னா சொல்லட்டும்மா?"

என் வாயில் ஒன்றும் வரவில்லை. வாய் நிறைய வைத்திருக்கிறவள்.

"உடனே சொல்ல வேணாம். புதன்கிழம தீபாவளிக்கு போன் தருவாங்க. யோசிச்சி அன்னைக்கு சொல்லு."

போனை இவரிடம் கொடுத்தேன். "சாப்ட்டியா?" என்றார். இந்தத் தடவை பதில் வந்தது. "சாப்ட்டம்பா. நீங்க?" என்றான். இவர் போனைப் பிடித்தபடி தலையை ஆட்டினார். போனில் தலையாட்டினால் அவனுக்கு எப்படித் தெரியும்?

அக்டோபர் 16, திங்கள்

வேலைக்கு அரை நாள் லீவு போட்டுத் தேவநேசன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். பொய் சொன்னதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை அசைத்தார்.

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். அங்க போனப்புறம் வந்த வலின்னா, அவங்களே வைத்தியம் பாப்பாங்க. கொஞ்ச நாள் லீவு. அப்புறம் பின்னாடி வர பசங்களோட சேந்து மறுபடியும் முதல்லேருந்து. முன்னாடியே இருந்துச்சி, மறைச்சிட்டு வந்தான்னா, பெரும்பாலும் வீட்டுக்குத்தான்."

"வீட்டுக்குன்னா?"

"வீட்டுக்குத்தாம்மா. முடிஞ்சிடும்."

"மறுபடியும் சேந்து ஓடினா கால் தாங்குமா?"

"தாங்கினாலும் தாங்கும். ரெண்டா போனாலும் போவும். அத சொல்ல நான் யாரு?"

அவர் மனைவி காபி கொடுத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். நான் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது!

அக்டோபர் 17, செவ்வாய்

முறுக்கு சுட்டேன். கை வேலை செய்தது, தலை கணக்குப் போட்டது. பதினெட்டு வயது. பஸ்ஸில் ஐம்பத்திரண்டு பேர். தெருவில் பேனர் வைத்திருக்கிறார்கள், அதில் அவன் படம், சிரிக்கிறான். திரும்பி வந்தால் அந்தத் தெருவில்தான் நடக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் காலேஜில் சேர்ந்தாகிவிட்டது. கீறல்தானே. வைத்தியம் செய்தால் கூடிவிடும். கூடின பிறகு ஓடினால் என்ன? எவ்வளவோ பேர் ஓடுகிறார்கள்.

இவரிடம் கேட்டேன். "அவன்தான் நடக்கணும் அந்தக் கால்ல" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். முறுக்கு டப்பாவை மூடி வைத்தார்.

நாளைக்குச் சொல்ல வேண்டியது:

வலி அங்கே வந்த பிறகுதான் வந்தது என்று சொல். பழைய கீறல் சின்ன வயதில் சைக்கிளில் விழுந்தது, வலித்ததே இல்லை என்று சொல். பயப்படாமல் சொல். டாக்டர் கண்ணைப் பார்த்துச் சொல்.

அக்டோபர் 18, புதன். தீபாவளி

பத்து மணிக்கே போன் வந்தது. டைரியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எடுத்தேன்.

"யோகி, நான் சொல்றத நல்லா கேளு..."

"அம்மா, இரு. நான் மொதல்ல சொல்லிடறேன். நான் நேத்தே சொல்ட்டேன்."

"இன்னா சொல்ட்ட?"

"முன்னாடியே வலி இருந்துச்சின்னு. பெரிய ஆஸ்பத்திரிக்கு நேத்தே இட்டுனு போய்ட்டாங்க. அந்த டாக்டர் தமிழ்ல கேட்டாரு. எத்தன வருசமான்னாரு. ரெண்டு வருசம்னு சொன்னேன்."

"யோசிச்சி சொல்லுன்னு நீதானேடா..."

"தெரியும்மா. ஆனா பக்கத்துக் கட்டில்ல ஒருத்தன் கீறான். ஒடிசா பையன். பீனாகின்னு பேரு. அவனும் இதே மாதிரிதான். ரெண்டு மாசம் மறைச்சி மறைச்சி ஓடி, ஒருநாள் ஓடும்போதே எலும்பு முறிஞ்சி வுழுந்துட்டான். கம்பி வெச்சி கட்டியிருக்காங்க. தெனம் அவன பாத்துக்கினே படுத்திருந்தேன். உன்கிட்ட கேட்டேன், ஆனா கேட்டப்புறம்தான் தோணிச்சி, இத நீ இன்னான்னு சொல்லுவ, பாவம்."

நான் டைரியை மூடினேன்.

"மறைக்க சொல்லி யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு டாக்டர் கேட்டாரு."

"நீ?"

"யாருமில்ல சார், நானாத்தான் எழுதினேன்னு சொன்னேன். அது ஒண்ணு மட்டும் பொய்."

வெளியே தெருவில் சரவெடி. முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"அம்மா, கோவமா?"

"இல்லடா."

"நீ இன்னமோ சொல்ல வந்தியே?"

"முறுக்கு நல்லா வந்துச்சின்னு சொல்ல வந்தேன்."

நேற்று எழுதினதை அடித்துவிட்டேன். நான்கு கோடு போட்டு அடித்தேன். அடித்தாலும் எழுத்து தெரிகிறது.

அக்டோபர் 19, வியாழன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

அக்டோபர் 30, திங்கள்

பத்து நாளாக பஸ்ஸில் நான் வாயைத் திறக்கவில்லை. இன்று ஷம்ஷாத் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, நீ பேசலன்னா ஆம்பூர்லேருந்து கம்பெனி வரைக்கும் ரோடு நீளமாகுது. இன்னா ஆச்சு?" என்றாள்.

அவளிடம் மட்டும் சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன். என் குரல் எனக்குத் தெரியாதா, கடைசி சீட்டு வரை போகும். பஸ் முழுக்கப் பேச்சு அடங்கிவிட்டது. அதனால் எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் சேர்த்தே சொன்னேன். எம்மை ரூம் ஆஸ்பத்திரி என்று சொன்னேன். கால் வலி முன்னாலேயே இருந்தது என்று சொன்னேன். மறைக்கச் சொன்னது நான், அவன் எனக்காக ஒரு பொய் சொன்னான் என்றும் சொன்னேன்.

டிரைவர் வண்டியை மெதுவாக ஓட்டினார். முன் சீட்டு ரெஜினா திரும்பி, "நானா இருந்தாலும் என் புள்ளைக்கு அதையேதான் சொல்லியிருப்பேன் பேபி" என்றாள். நாலைந்து பேர் ஆமாம் என்றார்கள்.

ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

நவம்பர் 5, ஞாயிறு

போன் வந்தது. டாக்டர்கள் கூடி முடிவு செய்வார்களாம். பீனாகியின் அம்மா ஒடிசாவிலிருந்து பேசினாளாம், பீனாகி போனை இவனிடமும் கொடுத்தானாம். "ஒரு வார்த்த புரியல. ஆனா உன்ன மாதிரியே நிறுத்தாம பேசினாங்க" என்றான். மீதி நேரம் நான் அவனைப் பேசவிட்டேன். அவனுக்குப் பழக்கமில்லை. இரண்டு முறை, "அம்மா, கீறியா?" என்று கேட்டான்.

நவம்பர் 19, ஞாயிறு

முடிவாகிவிட்டது. வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சட்டையில் இருந்த பெயர்ப் பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டானாம். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் மாறியது. வேறு எதற்கும் மாறவில்லை. வெள்ளிக்கிழமை காலை காட்பாடி.

இவர் ஏணி எடுத்துப் போய்த் தெருமுனை பேனரை அவிழ்த்துக்கொண்டு வந்தார். கிழிக்காமல் மடித்துப் பரணில் வைத்தார். நான் வைக்கச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நவம்பர் 24, வெள்ளி

காட்பாடிக்கு ஏழு மணிக்கே போய்விட்டோம். அவனிடம் சொல்ல எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். திருப்பத்தூர் காலேஜில் அடுத்த வருஷம் சேரலாம், நான் விசாரித்துவிட்டேன். யாராவது ஏதாவது கேட்டால் பேபியைக் கேள் என்று சொல்லிவிடு, வாய்ச்சண்டையில் என்னை ஜெயித்தவன் கிடையாது. இப்படிப் பதினைந்து விஷயம் இருக்கும். வண்டி எட்டேகாலுக்கு வந்தது.

கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கினான். முதலில் ஒரு கறுப்புத் தகரப் பெட்டி, அப்புறம் ஒரு கைத்தடி, அப்புறம் அவன். இளைத்திருந்தான். நிமிர்ந்து நின்றான், அங்கே சொல்லிக் கொடுத்த மாதிரி. வலது காலை மட்டும் பூமி சுடுகிறது போல வைத்தான்.

இவர் ஓடிப்போய்ப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டார். இவர் ஓடி நான் பார்த்ததில்லை.

யோகேஷ் என் எதிரில் வந்து நின்றான். "இன்னாம்மா, யாருங்க அதுன்னு கேக்க மாட்டியா?" என்றான். நான் சிரிப்பேன் என்று காத்திருந்தான்.

"காலு வலிக்குதாடா?" என்றேன்.

சிரிப்பதற்காக விரித்த முகத்தை அவன் உடனே மடக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மெதுவாகப் போய்விட்டது.

"வலிக்குதும்மா" என்றான்.

"எங்க?"

பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தான். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டினான். எலும்பின் மேல் ஒரு விரலை வைத்துக் காட்டினான். நான் கீழே உட்கார்ந்தேன். தேய்க்கவில்லை. கையை வைத்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

"எப்பலேருந்து?"

"லெவன்த்துல, ஸ்கூல் போட்டிக்கு ஓடினேன் இல்ல, அதுக்கு மறுநாள்" என்று ஆரம்பித்தான். படி இறங்கும்போது எப்படி வலிக்கும், உட்கார்ந்து எழுந்தால் எப்படி, குளிர் காலத்தில் எப்படி. ஆளெடுப்பு அன்று மூன்றாவது சுற்றில் நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடியது. அங்கே முதல் வாரம் முட்டி போட்டு நடக்க வைத்தபோது கண் இருட்டியது. முதல் போனிலேயே என்னிடம் சொல்ல வந்தது. எல்லாம் சொன்னான். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தே சொன்னான். இவர் பெட்டியை இறக்கி அதன் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆம்பூர் போகிற பாசஞ்சர் வந்து நின்றது. இவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. வண்டி கிளம்பிப் போய்விட்டது. அவன் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.